பல்லால் கடித்த நூல்

"இந்தப் பிள்ளைங்க தூங்குற ரூமுக்குத் தாழ்ப்பாள் உள்ளே இருக்கா, வெளியே இருக்கா?"

கண்ணாடிக்காரம்மா ஒரு சமயம் டீச்சரிடம் கேட்ட கேள்வி இது. டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. எட்டாம் வகுப்பின் வாசற்படியை மிதித்ததோடு படிப்புக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வந்தவள். சட்டைக் கம்பெனியில் கடைசி மேசையில் நின்று, தைத்து வந்த துணியைப் புரட்டிப் பார்த்துக் குறை சொல்வது அவள் வேலை. சொல்லிச் சொல்லியே அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. கண்ணாடிக்காரம்மா, அந்தச் சட்டைகளை வாங்கித் தேசம் தேசமாக விற்கிற பெரிய கம்பெனி அனுப்பிய ஆள். தைக்கிறவர்களை யாராவது அடைத்து வைத்து வேலை வாங்குகிறார்களா என்று பார்ப்பதுதான் அவருக்குச் சம்பளம். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடியை, எதையாவது உற்றுப் பார்க்கும்போது மட்டும் மூக்கில் ஏற்றிக்கொள்வார்.

டீச்சர் அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னாள்.

"வெளியேதான் மேடம். அதுல ஒரு குறையும் வைக்கல. வாட்ச்மேன் பூட்டிட்டுச் சாவியைக் கையோட கொண்டு போயிடுவாரு. ஒரு ஈ எறும்பு உள்ளே போக முடியாது."

பக்கத்தில் நின்ற மேனேஜரின் முகம் இஸ்திரி போட்ட துணி மாதிரி ஆகிவிட்டது. டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெண்ணைக் கொண்டுவந்து விடுகிற அப்பா அம்மாக்கள் விடுதியில் முதலில் தட்டிப் பார்ப்பதே அந்தத் தாழ்ப்பாளைத்தான். கனமாக இருந்தால் அவர்களுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி. வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிக் காட்டி டீச்சருக்கும் அதில் ஒரு பெருமை வந்திருந்தது.

"உள்ளே போக முடியாது, சரி. வெளியே வர முடியுமா?" என்றார் கண்ணாடிக்காரம்மா. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கண்ணாடியை மூக்கில் ஏற்றி, கதவையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அந்தக் கேள்வி கம்பெனியை ஒரு உலுக்கு உலுக்கியது. திருத்திக்கொள்ளாவிட்டால் ஆர்டர் கிடையாது என்று அந்தப் பெரிய கம்பெனி சொல்லிவிட்டது. வெளித் தாழ்ப்பாள்கள் எல்லாவற்றையும் கழற்றி உட்பக்கம் மாட்டினார்கள். ஆணி இருந்த ஓட்டைகளில் பட்டி வைத்து அடைத்து, மேலே பெயின்ட் அடித்தார்கள். பழைய பெயின்ட்டும் புதுப் பெயின்ட்டும் சேராமல், ஒவ்வொரு கதவிலும் அம்மைத் தழும்பு மாதிரி நாலைந்து புள்ளிகள் தெரிந்தன.

மேனேஜர் டீச்சரைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. அவர் சத்தமே போடமாட்டார். அதுதான் அவரிடம் பயப்பட வேண்டிய விஷயம்.

"தவளை தன் வாயால கெடும்னு சொல்லுவாங்க. இங்க தவளை வாயால கம்பெனியே கெட இருந்துச்சு. பரவாயில்லை. வாயால கெட்டதை வாயாலயே சரி பண்ணு. அடுத்த தடவை அவங்க வரும்போது எந்தப் பொண்ணு எதுக்கு என்ன பதில் சொல்லணும்னு நீதான் சொல்லிக்குடுக்கற. பேருக்கேத்த வேலை."

அன்றிலிருந்து பட்டப்பெயர் உத்தியோகமாகிவிட்டது. மதியம் சாப்பிட்டு முடித்த கையோடு, கேன்டீன் பெஞ்சுகளில் பெண்களை உட்கார வைத்து டீச்சர் பாடம் நடத்துவாள். கேள்வியும் அவளே, பதிலும் அவளே.

"வேலையை விட்டுப் போகணும்னா?"

"எப்ப வேணும்னாலும் போகலாம் மேடம்!" என்று எல்லோரும் கோரஸாகச் சொல்வார்கள்.

"ஓவர்டைம்?"

"இஷ்டப்பட்டாத்தான் மேடம்!"

இதில் ஒருத்திதான் மடங்காதவள். அவளுக்கு வாயாடி என்று பெயர். எங்கிருந்தோ ஆள் சேர்த்துவிடும் புரோக்கரம்மா ஒருத்தியோடு வந்து இறங்கியவள். வந்த அன்றே அவளுடைய அடையாள அட்டையை "பத்திரமா இருக்கட்டும்" என்று ஆபீசில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். காலர் தைப்பதில் அவள் கைக்கு ஈடு கிடையாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம். ஒவ்வொரு மெஷினிலும் நூல் வெட்டுவதற்கு ஒரு குட்டிக் கத்திரியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். இவள் அதைத் தொடமாட்டாள். குனிந்து நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு அடுத்த காலரை எடுப்பாள்.

"ஏண்டி, உன் பல்லு என்ன கத்திரியா? வெட்டின நூல் நறுக்குன்னு நிக்கும். கடிச்ச நூல் நசுங்கிப் பிரிஞ்சு நிக்குது பாரு, துடைப்பம் மாதிரி" என்று டீச்சர் துணியை அவள் மூஞ்சிக்கு நேரே ஆட்டுவாள்.

"கத்திரிக்குச் சாணை பிடிக்கணும் அக்கா. என் பல்லுக்கு அந்தச் செலவு இல்ல. கம்பெனிக்கு லாபம்னு வச்சுக்கோங்க."

பாடம் நடக்கும்போதும் இதே கதைதான்.

"உன் அடையாள அட்டை யார்கிட்ட இருக்கு?" என்று டீச்சர் கேட்டாள்.

"மேனேஜர் சார் பீரோவுல அசந்து தூங்குது அக்கா. எழுப்பட்டுமா?"

கேன்டீனே சிரித்தது. டீச்சருக்கும் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு, "என்கிட்டதான் இருக்குன்னு சொல்லணும்" என்றாள்.

"என்கிட்ட இருந்தா நான் ஏன் அக்கா இங்க இருக்கேன்?"

சிரிப்பு பாதியில் அறுந்தது. மேனேஜர் வாசலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

"என்ன, தேறுமா இது?" என்று கேட்டார்.

நிலைமையைச் சமாளிக்க டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னாள். "இது தேறாத கேஸ் சார். அவங்க வர்ற அன்னிக்கு இதை வீட்டுக்கு அனுப்பிடுங்க."

"பெயிலானா வீட்டுக்கு அனுப்புவாங்களா அக்கா?" வாயாடியின் கண் ஒரு நிமிஷம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. "முன்னாடியே சொல்லக் கூடாதா? இன்னும் நல்லா பெயிலாகியிருப்பேனே!"

"போ, போ. போய் உங்கம்மா மடியில படுத்துத் தூங்கு."

மறுநாள் வாயாடியின் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். டீச்சர் பெரிதாக நினைக்கவில்லை. இப்படித் தேறாத பெண்களை அவள் முன்பும் காட்டிக்கொடுத்திருந்தாள். எல்லோருக்கும் லீவு கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டதாக ஆபீசில் சொன்னார்கள். சிலர் திரும்பி வரவில்லை. கல்யாணம் காட்சி என்று ஏதாவது ஆகியிருக்கும், கொடுத்து வைத்த மகராசிகள் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

அந்தத் தடவை சோதனைக்குக் கண்ணாடிக்காரம்மா வரவில்லை. வேறு யாரோ ஒருத்தர் வந்தார், டீ குடித்தார், கோரஸைக் கேட்டார், தலையாட்டிவிட்டுப் போனார். ஆர்டர் பொங்கி வழிந்தது. இருக்கிற மெஷின்கள் போதவில்லை. காலர்களையும் கைப்பட்டிகளையும் கட்டுக் கட்டாக வேனில் ஏற்றி 'வெளி வேலை'க்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். வேன் ஓட்டுகிறவர் வேறு யாருமில்லை, டீச்சரின் புருஷன்தான்.

வெளி வேலையிலிருந்து வந்த முதல் கட்டை டீச்சர் பிரித்தபோது அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. காலரின் ஓரத்தில் நூல் நசுங்கிப் பிரிந்து துடைப்பம் மாதிரி நின்றது. அட, வாயாடி! ஊர்ப் பக்கமே எங்கேயோ வேலை பிடித்துக்கொண்டு, இங்கே வரும் துணியைத்தான் தைக்கிறாளா? கழுதை எங்கே போனாலும் பல்லை விடாது.

அடுத்த காலரை எடுத்தாள். அதிலும் கடித்த நூல். அதற்கு அடுத்ததிலும். தையல் வேறு வேறு கை. ஒன்று நெருக்கமாக ஓடியிருந்தது, ஒன்று வளைவில் தடுமாறியிருந்தது, ஒன்று புதுக் கை என்று பார்த்ததும் தெரிந்தது. நூல் மட்டும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி. கட்டு முழுவதையும் மேசையில் கொட்டிப் புரட்டினாள். நறுக்கென்று வெட்டிய நூல் ஒன்றுகூட இல்லை. சிலவற்றில் ஈரம் காய்ந்த தடம் இருந்தது. ஒரு வெள்ளைக் காலரின் முனையில் துரு நிறத்தில் பொட்டு மாதிரி ஏதோ இருந்தது. டீச்சர் அதை நகத்தால் சுரண்டினாள். துரு இல்லை.

கூடத்தில் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்கு நடுவே அவளுக்கு மட்டும் காது அடைத்த மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் ஒரு நாள் வேலைக்கு வரும்போது, கேட்டில் ஒரு பெண் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். வாயாடிக்கு இருந்த மாதிரியே முன்பல் கொஞ்சம் தூக்கியிருந்தது. பார்த்த மாத்திரத்தில் டீச்சருக்கு யாரென்று தெரிந்துவிட்டது.

"என் பொண்ணை ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிடறேன் ஐயா" என்று அவள் வாட்ச்மேனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். "வாயை மூடாதவ. ஒரு போன்கூடப் பண்ணலையே. பேசாம இருந்தா அவளுக்குச் சோறே இறங்காது."

"நல்லா இருக்காம்மா. வெளி யூனிட்ல இருக்கா. வேலை நேரத்துல தொந்தரவு பண்ணாத, போ."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு அவளைக் கடந்து உள்ளே போனாள். போகும்போது அந்த அம்மாவின் பை அவள் கையில் உரசியது. 'போய் உங்கம்மா மடியில படுத்துத் தூங்கு.' மடி இங்கே நிற்கிறது. பெண் எங்கே?

கம்பெனிச் சுவரில் ஒரு போஸ்டர் உண்டு. கட்டாயப்படுத்தி வேலை வாங்கினால் இந்த எண்ணில் சொல்லுங்கள் என்று பெரிய கம்பெனி அனுப்பியது. மேனேஜர் அதைத் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒட்டியிருந்தார். டீச்சர் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தாள். ஈரம் தின்று, எண்ணின் பின்பாதி கரைந்து போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் புருஷன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம் அவன். ஒரு கேள்விக்கு மூன்றாவது தடவைதான் பதில் வரும். கல்யாணமான புதிதில் அது அவளுக்கு அடக்கமாகத் தெரிந்தது.

"ஏங்க, வெளி வேலைத் துணியை எங்க இறக்குறீங்க?"

"ஒரு இடத்துல."

"இடம்னா?"

"ரோடு இருக்கும். கட்டடம் இருக்கும்."

"ஆமா, மேல வானம்கூட இருக்கும். நான் என்ன கேக்கறேன், நீங்க என்ன சொல்றீங்க? யாரு வாங்கி வைக்கறாங்க?"

அவன் சக்கரத்தில் தண்ணீரை அடித்தான். "ஷட்டரைக் கையளவு தூக்குவேன். கட்டை உள்ள தள்ளுவேன். தைச்சது வெளியே வரும்."

"ஆளு?"

"கை தெரியும்."

"பொம்பளைக் கையா?"

"கைதான்."

தண்ணீர் சேறாகி அவள் கால் வரைக்கும் ஓடி வந்தது. அவள் நகரவில்லை.

"அங்க ஏங்க எல்லாரும் நூலைப் பல்லால கடிக்கறாங்க?"

இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. குழாயை மூடினான். "கத்திரி குடுக்கறதில்ல" என்றான். அதோடு நிறுத்தியிருப்பான். அவள் பார்த்த பார்வையில் மீதியும் வந்தது. "ஒருத்தி கத்திரி முனையால பின்கதவு கீல் ஆணியைக் கழட்டிட்டு இருந்தாளாம். பாதி கழட்டிட்டாளாம். அன்னையில இருந்து யாருக்கும் கிடையாது."

யார் அந்த ஒருத்தி என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று இருந்தது. வேறொருத்தர் அவளிடம் கேட்டது.

"பூட்டு எந்தப் பக்கம்ங்க?"

அவன் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய், வழக்கம்போலச் சாவிக்கொத்தை வாசல் ஆணியில் மாட்டினான். வண்டிச் சாவி, வீட்டுச் சாவி, வண்டியின் டூல்ஸ் பெட்டிக்கு ஒரு சின்னப் பித்தளைச் சாவி. கொத்து கொஞ்ச நேரம் ஆடி நின்றது.

"போலீஸ்ல சொன்னா என்னங்க?"

"சொல்லு. ஸ்டேஷன்ல இருந்து முதல் போன் மேனேஜருக்குத்தான் போகும். ரெண்டாவது போன்ல என்னைக் கூப்பிடுவாங்க."

இதுவரைக்கும் தான் யார் யாரைத் தேறாதவர்கள் என்று கைகாட்டினோம் என்று டீச்சர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். இன்னொரு கை தேவைப்படும் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

மறுபடியும் சோதனை என்று தகவல் வந்தது. இந்தத் தடவை கண்ணாடிக்காரம்மாவே வருகிறார். மேனேஜர் டீச்சரை ஆபீசுக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். அவருக்குப் பின்னால் பீரோ நின்றது. அதன் கதவைப் பார்க்காமல் இருக்க அவள் டீயையே பார்த்தாள்.

"தேறாதது யாரு யாருன்னு சொல்லு. லீவு குடுத்துடலாம்."

லீவு என்கிற வார்த்தையை அவர் சர்க்கரை போட்டுக் கலக்குகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"எல்லாரும் தேறிட்டாங்க சார்."

"எல்லாருமா? அந்தப் பூனைக்குட்டியுமா?"

பூனைக்குட்டி என்பது புதிதாக வந்த பெண். யாராவது நிமிர்ந்து பார்த்தாலே மெஷினுக்கு அடியில் ஒளிந்துகொள்வாள் போல இருப்பாள். பயத்தில் எதைக் கேட்டாலும், மனப்பாடம் செய்ததில் வாய்க்கு வந்ததை ஒப்பித்துவிடுவாள்.

"அவளும்தான் சார். கிளிப்பிள்ளை மாதிரி சொல்றா."

மேனேஜர் டீ கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினார். "உன் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். வாயைத் திறக்கவே மாட்டாரு. குடும்பத்துல ஒருத்தராவது அப்படி இருக்கணும். என்ன சொல்ற?"

"ஆமா சார்."

"டீ ஆறுது பாரு."

அந்த டீயை அவள் ஒரே மூச்சில் குடித்தாள். நாக்கு வெந்தது.

கேன்டீனில் வழக்கமான பாடம் நடந்தது. மேனேஜர் வாசலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று கேட்டால் உள்ளே என்று சொல்ல வேண்டும் என்பதும் இப்போது பாடத்தில் சேர்ந்திருந்தது. மறுபாடம் கை கழுவும் இடத்தில் நடந்தது. எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் டீச்சர் ஒவ்வொருத்தியிடமாகச் சொன்னாள்.

"தாழ்ப்பாள் பத்தி அவங்க கண்டிப்பா கேப்பாங்க. கேட்டா இப்படிச் சொல்லணும். எங்களுக்கு உள்ளே, மத்தவங்களுக்கு வெளியே. எங்க, சொல்லு."

"எங்களுக்கு உள்ளே, மத்தவங்களுக்கு வெளியே" என்றாள் பூனைக்குட்டி. "மத்தவங்கன்னா யாரு அக்கா?"

"தெரியாதுன்னு சொல்லு. பொய் சொன்ன பாவமும் வராது."

இன்னொருத்தி, கொஞ்சம் விவரமானவள், ஈரக் கையை உதறியபடி கேட்டாள். "எங்க வாயில எதுக்கு அக்கா வைக்கறீங்க? உங்க வாய்க்கு என்ன ஆச்சு?"

"அந்தம்மா பேசற ரூம் பக்கமே மேனேஜர் என்னை விடமாட்டாரும்மா. போன தடவை நான் வாயைத் திறந்ததுக்குப் பட்டது போதாதா?"

அது பாதி நிஜம். மீதிப் பாதி, வாசல் ஆணியில் தொங்கும் சாவிக்கொத்தும் அதன் சொந்தக்காரனும். கேட்டவளுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். அவள் குழாயை மூடிவிட்டுப் போய்விட்டாள்.

சோதனைக்கு முந்தின சாயங்காலம் டீச்சர் புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். "நாளைக்கு அந்தம்மா வழி கேட்டா சொல்லுவீங்களா?"

"என்னைக் கம்பி எண்ண வைக்கப் பார்க்கறியா?"

"வண்டிதாங்க உங்களோடது. அதுல ஆளை ஏத்திவிட்டவ நான்."

அவன் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துவிட்டான்.

காலையில் கண்ணாடிக்காரம்மா வந்தார். கண்ணாடித் தடுப்புப் போட்ட ரூமில் உட்கார்ந்துகொண்டு, பெண்களை ஒருத்தி ஒருத்தியாக உள்ளே கூப்பிட்டார். மேனேஜரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார். மேனேஜரும் மரியாதையாக வெளியே வந்து, தடுப்பை ஒட்டி ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார். டீச்சர் அவள் மேசையில் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் வாய் அசைவது தெரியும், குரல் கேட்காது.

முதலில் போனவள் வெளியே வந்தாள். டீச்சரைக் கடக்கும்போது தெரிந்தும் தெரியாமலும் தலையை இடம் வலமாக அசைத்தாள். கேட்கவில்லை. அடுத்தவளும் அப்படியே. விவரமானவள் நெருங்கி வந்து, துணியை எடுப்பது போலக் குனிந்து, "சாப்பாடு, தண்ணி, சம்பளச் சீட்டு. அவ்வளவுதான் அக்கா. தாழ்ப்பாளைப் பத்தி மூச்சே விடல" என்றாள்.

"நீயா சொல்லியிருக்கக் கூடாதா?"

"கேட்டாத்தான் சொல்லணும்னு நீங்கதானே சொன்னீங்க!"

டீச்சர் கையிலிருந்த துணியை மேசையில் போட்டாள். மூளையைக் கசக்கிப் பதிலைத் தயார் செய்தவள், கேள்வி வராமலே போய்விடும் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. கேட்டுச் சரிசெய்த விஷயத்தை அந்த அம்மா எதற்குத் திரும்பக் கேட்கப் போகிறார்? கதவின் வெளிப்பக்கம்தான் தாழ்ப்பாளே இல்லையே. அவருக்கு அது முடிந்துபோன பிரச்சினை. மேனேஜர் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம். காகிதங்களை மூடிவிட்டு அந்த அம்மா காரில் ஏறிவிடுவார்.

கடைசியாகப் பூனைக்குட்டி உள்ளே போனாள்.

அவள் உட்காருவதும் முந்தானையைத் திருகுவதும் தடுப்பு வழியாகத் தெரிந்தது. கண்ணாடிக்காரம்மா சிரித்த முகமாக ஏதோ கேட்டார். பூனைக்குட்டியின் வாய் படபடவென்று அசைந்தது. கண்ணாடிக்காரம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. மறுபடியும் ஏதோ கேட்டார். பூனைக்குட்டி அழ ஆரம்பித்தாள்.

கண்ணாடிக்காரம்மா கயிற்றில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மூக்கில் ஏற்றினார்.

வெளியே ஓடி வந்த பூனைக்குட்டி டீச்சரைக் கட்டிக்கொண்டாள். "தப்பாச் சொல்லிட்டேன் அக்கா! சாப்பாடு எப்படின்னு கேட்டாங்க. எனக்குப் பயத்துல ஒண்ணும் வரல. எங்களுக்கு உள்ளே, மத்தவங்களுக்கு வெளியேன்னு சொல்லிட்டேன்!"

கண்ணாடிக்காரம்மா பேசி அனுப்பிய பெண்களைத் திரும்ப ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார். இப்போது ஒரே கேள்வி. ஒரே பதில். ஒருத்திகூட மாற்றாமல் எல்லோரும் ஒரே வார்த்தைகளைச் சொன்னார்கள். கற்றுக் கொடுத்த பதில் என்று எந்தக் குழந்தைக்கும் தெரியும். யார், எதற்காக இதைக் கற்றுக் கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

மேனேஜரின் கால் ஆடுவது நின்றிருந்தது. அவர் எழுந்து போனை எடுத்தார்.

"அதை மேசை மேல வைங்க சார்" என்றபடி கண்ணாடிக்காரம்மா வெளியே வந்தார். "யாருக்கு வேணும்னாலும் அப்புறம் பேசலாம். இப்ப ஒரு போன் போச்சுன்னா, ஆர்டர் இந்த நிமிஷமே நின்னுடும். நான் ரூமுக்குள்ள இருந்தே பேசிட்டேன். லேபர் ஆபீசர் ஜீப்ல வந்துட்டு இருக்காரு."

"சும்மா ஒளறுதுங்க மேடம். படிக்காத பசங்க..."

"வைங்க."

போன் மேசையில் உட்கார்ந்தது. கண்ணாடிக்காரம்மா நேராகக் கடைசி மேசைக்கு வந்தார். டீச்சர் முன்னால் வெளி வேலைக் கட்டு ஒன்று பிரிந்து கிடந்தது. அவள் கை தானாகவே ஒரு காலரை எடுத்து நீட்டியது. அதன் ஓரத்தில் நூல் நசுங்கி நின்றது.

"உங்களை எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார் கண்ணாடிக்காரம்மா. "அன்னிக்கு மறைக்காம பதில் சொன்ன ஒரே ஆள். இன்னிக்கும் கேக்கறேன். வெளியே பூட்டின கதவு எங்க இருக்கு?"

மேனேஜர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. நீ சொன்னால் முதலில் யார் ஜெயிலுக்குப் போவான் என்று யோசித்துக்கொள், என்று அந்தச் சிரிப்புச் சொன்னது.

டீச்சர் யோசித்திருந்தாள்.

"பின்பக்கம் ஒரு வேன் நிக்குது மேடம். ஓட்டுறவருக்குத் தெரியும். என் வீட்டுக்காரர்."

அவன் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். டீச்சரும் கண்ணாடிக்காரம்மாவும் வருவதைப் பார்த்தான். பின்னால் ஜீப் வந்து நிற்பதையும் பார்த்தான். டீச்சர் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். ஊர் முடிகிற இடத்தில், பழைய டயர்கள் குவித்த மைதானத்தைத் தாண்டி, குடோன்கள் வரிசையாக நின்றன. எல்லா ஷட்டர்களும் ஒரே மாதிரி, சாம்பல் நிறம். ஒன்றின் கீழ்விளிம்பு மட்டும் தரையில் உரசி உரசிப் பளபளத்தது. அதன் முன்னால் வேன் நின்றது.

உள்ளேயிருந்து மெஷின் சத்தம் வந்தது. வேன் நின்றதும் அதுவும் நின்றது. கட்டு வந்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

பூட்டு கீழே, வெளிப்பக்கம் தொங்கியது. "சாவி யார்கிட்ட?" என்றார் லேபர் ஆபீசர். "உடைக்கணுமா?"

டீச்சரின் புருஷன் இறங்கி வந்தான். வண்டியிலிருந்து சாவிக்கொத்தை உருவி, அதில் ஒன்றைப் பிரித்தெடுத்தான். சின்னப் பித்தளைச் சாவி. பூட்டுக்குள் அது வெண்ணெயில் இறங்கிய மாதிரி இறங்கியது.

டீச்சர் அந்தச் சாவியையே பார்த்தாள். தினமும் வாசல் ஆணியில் தொங்கியது. ஒவ்வொரு காலையும் அவள் கையாலேயே எடுத்து அவனிடம் கொடுத்தது. டூல்ஸ் பெட்டிச் சாவி தொலைந்துவிடப் போகிறது என்று ஒருமுறை புது வளையம்கூட வாங்கிப் போட்டிருந்தாள்.

ஷட்டர் மேலே ஏறியது. கையளவில் நிற்கவில்லை, முழுதாக ஏறியது. வெளிச்சம் உள்ளே விழுந்ததும் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எண்ணெயும் வியர்வையும் கலந்த சூடு அடித்தது. அடுக்கிய துணிகளுக்கு நடுவே சுருட்டிய பாய்கள் கிடந்தன. பின்கதவின் கீல் மேல் இரும்புப் பட்டை வைத்து அடித்திருந்தார்கள். கண்ணாடிக்காரம்மா உள்ளே போய், தணிந்த குரலில் சொன்னார்: "வாங்க. வெளியே வாங்க. கதவு திறந்திருக்கு." யாரும் உடனே எழவில்லை. வேறு யாராவது முதலில் எழட்டும் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒருத்தி எழுந்தாள். முதலில் டீச்சருக்கு அடையாளம் தெரியவில்லை. உதட்டோரங்கள் வெடித்துக் கறுத்திருந்தன. முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருந்தது.

"வாயாடி" என்றாள் டீச்சர். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "வாடி கண்ணு. உங்கம்மா வந்திருந்தாங்க. உன்னைத் தேடிக்கிட்டு கேட்டுல நின்னாங்க. நான்... வீட்டுக்குத்தான் அனுப்பறாங்கன்னு நினைச்சேன்டி. சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். எதாவது பேசேன். திட்டுடி. வாய்க்கு வந்தபடி திட்டு."

வாயாடி வாசல் வரைக்கும் வந்தாள். வெளிச்சத்துக்குக் கண் பழகுகிற வரை நின்றாள். டீச்சரை ஒரு தடவை, அவள் கையில் இன்னும் இருந்த காலரை ஒரு தடவை பார்த்தாள். பூட்டைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்ற டிரைவரைப் பார்த்தாள். கீழுதட்டில் ஒட்டியிருந்த நூல் துணுக்கை விரலால் எடுத்துப் போட்டாள்.

பிறகு அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே நுழைந்து, டயர்க் குவியல்களைத் தாண்டி, ரோட்டைப் பார்த்து நடந்தாள். லேபர் ஆபீசர் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. வாயை மூடவே தெரியாத அந்தப் பெண், ஒரு வார்த்தை பேசாமல் போய்க்கொண்டே இருந்தாள்.